சாமி கும்பிடாதவர் ஊரோடு வாழ

பெரியார் பிறந்த ஈரோட்டிலேயே, "நான் சாமி கும்பிடறதில்லைங்க" என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறி, எனக்கு ஒரு வாடகை வீடு கைநழுவிப் போனது. கேட்காதபோது நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பொய்யும் வேண்டாம்.

மாரியம்மன் நோம்பிதான் கஷ்டம். கம்பம் நட்டதும் வரி கேட்டு ஊர்க்காரர்கள் வருவார்கள், வாசலில் நிற்க வைத்து வாதம் பண்ணாமல் உட்காரச் சொல்லி மோர் கொடுங்கள், அப்புறம் "பூசைக்குத் தர மனசு ஒப்பலைங்க, அன்னதானத்துக்கு அரிசி தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் ஒரு சிப்பம் அரிசி கொடுத்தேன், ஒரு பெரியவர் மட்டும் முணுமுணுத்தார், மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். தீச்சட்டி எடுக்கும் அம்மாயியைக் கிண்டல் செய்யாதீர்கள், கூடவே தண்ணீர் பாட்டிலோடு நடங்கள்.

கல்யாணத்துக்கு ஐயர் கட்டாயமில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே செல்லும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கோர்ட்டில் சாட்சி சொல்லும்போதும் கடவுள் பெயரை விட்டுவிட்டு உறுதிமொழி எடுக்கலாம், 1969 சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

மிரட்டல் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். 2017 மார்ச்சில் கோவையில் ஒரு இறைமறுப்பாளரை வெட்டிக் கொன்றார்கள். வந்த செய்திகளை அழிக்காமல் எடுத்துவைத்து, எழுத்தில் புகார் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கிக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பாதீர்கள்.