ஸ்காபரோ–ரூஜ் ரிவர்: மறைந்த ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரொண்டோவில் நம் அமைப்புகள் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டினால் ஏதோ ஒரு பக்கத்தில் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற பெயர் கண்ணில் படும். 2011 மே 2 அன்று ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் தமிழரானது இந்தத் தொகுதியிலிருந்துதான். இன்று அந்தப் பெயரில் தொகுதி இல்லை. இல்லாமல் போன ஒன்றைப் பற்றி எழுதுவதால்தானோ என்னவோ, அதைப் பற்றிய குறிப்புகளில் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. ஒரு மலரில் வந்த பிழை அடுத்த மலருக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதையே தங்கள் ஒப்படைகளில் எழுதுகிறார்கள். ஒரு சமூகத்தின் முதல் நாடாளுமன்றப் பதிவு அல்லவா இது? அதைச் சரியாக எழுதிவைக்க வேண்டாமா?

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்தப் பெயர் ஒரே ஒரு பதவியைக் குறித்தது என்று நினைப்பது. ஒரு காலத்தில் மூன்று மட்டங்களில் இதே பெயர் இருந்தது. மத்திய தொகுதி 1988 தேர்தலிலிருந்து 2015 வரை வாழ்ந்தது. ஒன்ராறியோ மாகாணம் 1999 தேர்தலில் தன் தொகுதிகளை 130-லிருந்து 103 ஆகக் குறைத்து, மத்திய தொகுதிகளின் பெயரையும் எல்லையையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் மாகாணத் தொகுதி ஒன்றும் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் ஆனது. அது 2018 வரை நீடித்தது. டொரொண்டோ மாநகர சபையோ ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாகப் பிரித்து வட்டாரங்களாக்கியது. 41-ஆம் வட்டாரத்துக்கும் இதே பெயர், 42-ஆம் வட்டாரத்துக்கும் இதே பெயர்.

ரேமண்ட் சோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 42-ஆம் வட்டாரத்தின் மாநகர சபை உறுப்பினராகப் பல ஆண்டுகள் இருந்தார். 2016 செப்டம்பர் 1 அன்று நடந்த இடைத்தேர்தலில் வென்று மாகாண உறுப்பினரானார். இரண்டு பதவிகளுக்கும் முன்னால் வந்த பெயர் ஸ்காபரோ–ரூஜ் ரிவர். அவர் விட்டுச்சென்ற வட்டாரத்துக்கு 2017 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் நீதன் சண் வென்றார். இந்த இரண்டு இடைத்தேர்தல்களையும் மத்திய தொகுதியின் வரலாற்றில் சேர்த்து எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அவை நடந்தபோது மத்திய தொகுதி மறைந்து ஓராண்டு தாண்டியிருந்தது.

2011 இன்னும் சிக்கலான ஆண்டு. ஒரே ஆண்டில், ஒரே பெயருள்ள தொகுதியில், ஒரே கட்சியின் சார்பில் இரண்டு தமிழர்கள் போட்டியிட்டார்கள். மே 2 மத்திய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா வென்றார். அக்டோபர் 6 மாகாணத் தேர்தலில் அதே கட்சியின் நீதன் சண், லிபரல் கட்சியின் பாஸ் பால்கிசூனிடம் தோற்றார். ‘2011 தேர்தலில் ரூஜ் ரிவரில் தமிழ் வேட்பாளர்’ என்று மட்டும் எழுதினால் அது யாரைச் சொல்கிறது, வெற்றியையா தோல்வியையா, எதுவும் விளங்காது. ஆண்டோடு மாதத்தையும் எழுதுங்கள். இந்தத் தொகுதியைப் பொறுத்தவரை அதுதான் முதல் பாதுகாப்பு.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ஒன்ராறியோவில் மாகாண உறுப்பினரின் பதவிப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மாகாண நாடாளுமன்ற உறுப்பினர்’ என்று வரும். அச்சில் இடம் போதாமல் ‘மாகாண’ என்ற சொல் உதிர்ந்துவிட்டால், அவர் ஒரே வரியில் ஒட்டாவாவுக்குப் போய்விடுகிறார். எம்.பி., எம்.பி.பி. என்ற சுருக்கங்களிலும் ஒரு ‘பி’ விழுந்தால் இதே கதைதான். ஆகவே மத்திய உறுப்பினரை ‘நாடாளுமன்ற உறுப்பினர்’ என்றும், மாகாண உறுப்பினரை ‘மாகாண சபை உறுப்பினர்’ என்றும் கட்டுரை முழுவதும் ஒரே சீராக எழுதுவது நல்லது. ராதிகாவின் குடும்பப் பெயரும் தமிழில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டில் வருகிறது. ஸ்காபரோவும் ஸ்காபுறோவும் அப்படித்தான். பழைய பத்திரிகைகளில் தேடும்போது எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிச் செய்தி கைக்கு வராது.

வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் தேர்தல் துண்டறிக்கைகளைப் பலர் ஆவணமாகப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல வழக்கம், ஆனால் பெரும்பாலான துண்டறிக்கைகளில் ஆண்டு இருக்காது. புன்னகைக்கும் முகம், தொகுதியின் பெயர், கட்சி நிறம், தமிழிலும் சீனத்திலும் இரண்டு வரி, அவ்வளவுதான். அதைத் திருப்பி, பின்பக்கத்தின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘இன்னாரின் அஃபிஷியல் ஏஜென்ட் அனுமதித்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது மத்திய தேர்தலுக்கானது. ‘சி.எஃப்.ஓ.’ என்ற மூன்றெழுத்து, அதாவது பிரசாரத்தின் தலைமை நிதி அலுவலர் அனுமதித்தது என்று இருந்தால் மாகாணத் தேர்தல். நிறத்தை நம்ப வேண்டாம், சிவப்பும் நீலமும் ஆரஞ்சும் இரண்டு மட்டத்துக்கும் பொது. அந்தச் சின்ன வரிதான் உங்கள் சாட்சி.

அடுத்தது தொடக்க ஆண்டு. 1987 என்றும் 1988 என்றும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, பொருள்தான் வேறு. 1987 தொகுதிச் சீரமைப்பு ஆணையில் தொகுதி உருவானது. 1988 நவம்பர் 21 பொதுத்தேர்தலில் முதன்முதலாக வாக்குப்பதிவு கண்டது. முடிவிலும் இதே இடைவெளிதான். 2013 ஆணையில் அதன் பெயர் இல்லை. ஆனால் 2015 ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடாளுமன்றம் கலைக்கப்படும்வரை ராதிகா அதன் உறுப்பினராகவே இருந்தார். ‘2013-இல் தொகுதி ஒழிந்தது’ என்று எழுதினால் அவருடைய பதவிக்காலத்தில் இரண்டு ஆண்டுகளை வெட்டிவிடுகிறீர்கள்.

தொடக்க காலத்தைப் பற்றிப் பேசும்போது ‘டொரொண்டோ நகரின் தொகுதி’ என்று எழுதுவதும் பிழைதான். 1988-இல் ஸ்காபரோ தனக்கென மேயரும் நகர சபையும் கொண்ட தனி நகரம். 1998 ஜனவரி 1 அன்றுதான் அது டொரொண்டோவோடு இணைக்கப்பட்டது.

இதன் இருபத்தேழு ஆண்டு வரலாற்றை ராதிகாவோடு தொடங்கி ராதிகாவோடு முடிப்பவர்களும் உண்டு. நம் உணர்வு புரிகிறது. ஆனால் லிபரல் கட்சியின் டெரெக் லீ 1988-இலிருந்து 2008 வரை நடந்த ஏழு பொதுத்தேர்தல்களிலும் இங்கே வென்றவர். ஏழு முறை! நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறிய ஆண்டுகளில் இந்தத் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். அவரைத் தவிர்த்துவிட்டு எழுதினால், 2011 ஏன் அத்தனை பெரிய திருப்பம் என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். பிறந்தது முதல் ஒரே கட்சியின் கையில் இருந்த தொகுதி அன்று கைமாறியது.

அந்த வெற்றிக்குக் காரணம் சொல்லும்போதும் ஒரு தவறு நிகழ்கிறது. தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்ததால் தமிழர் வென்றார் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். அங்கே தமிழர்கள் பெரும்பான்மை இல்லை. கனடாவிலேயே வெள்ளையரல்லாதோர் விகிதம் மிக உயர்ந்த தொகுதிகளில் ஒன்று அது என்பது உண்மை. ஆனால் அதற்குள் சீனர்கள் பெருந்தொகையினர். பிலிப்பினோக்கள், கரீபியர்கள், பிற தெற்காசியர்கள் எனப் பல சமூகங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. தமிழர்கள் திரண்டு உழைத்தார்கள், வீடு வீடாகப் போனார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. அதே நாளில் ஜாக் லேட்டன் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி நாடு முழுவதும் 103 இடங்களை வென்றதும், லிபரல் கட்சி 34-க்குச் சரிந்ததும் சேர்ந்ததுதான் முழுக் கதை. டெரெக் லீ அந்த முறை போட்டியிடவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஸ்காபரோவிலேயே இருந்த ஸ்காபரோ தென்மேற்குத் தொகுதியும் அன்று அதே கட்சிக்குத்தான் போனது. ராதிகா பெற்றது ஏறத்தாழ 40 சதவீதம். மீதி வாக்குகள் முக்கியமாகக் கன்சர்வேட்டிவுக்கும் லிபரலுக்கும் பிரிந்தன. இதைச் சொல்வதால் அந்த வெற்றி சிறுத்துவிடாது. வேற்றுச் சமூகத்தவர் ஆயிரக்கணக்கில் ஒரு தமிழ்ப் பெண்ணை நம்பி வாக்களித்தார்கள் என்பதே எனக்கு அதைவிடப் பெருமையாகத் தெரிகிறது.

‘கனடாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தமிழர்’ என்ற தலைப்பும் தவறு. நாடாளுமன்றத்துக்கு என்ற சொல் கட்டாயம் வேண்டும். லோகன் கணபதி மார்க்கம் நகர சபைக்கும், நீதன் சண் யோர்க் வட்டாரக் கல்விச் சபைக்கும் 2006-லேயே தேர்வாகிவிட்டார்கள்.

தொகுதி ஏன் மறைந்தது? ராதிகாவைத் தோற்கடிக்கவே, தமிழர் வாக்கைப் பிளக்கவே கலைத்தார்கள் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கனடாவில் பத்தாண்டுக் குடிக்கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் அடங்கிய சுயாதீன ஆணைக்குழு அமைகிறது. வழக்கமாக ஒரு நீதிபதி அதற்குத் தலைமை தாங்குவார். பொதுமக்களின் கருத்தையும் நேரில் கேட்டுத்தான் கோடு வரைகிறார்கள். 2013 ஆணையில் ஒன்ராறியோவின் இடங்கள் 106-லிருந்து 121 ஆக உயர்ந்தன. புதிய இடங்களுக்கு இடம் கொடுக்கப் பழைய கோடுகள் நகர்ந்தன. ஸ்காபரோ–ரூஜ் ரிவரின் பெரும்பகுதி ஸ்காபரோ வடக்குக்கும், மற்றொரு பகுதி ஸ்காபரோ–ரூஜ் பார்க்குக்கும் போயின. மால்வர்ன் பகுதி இரண்டுக்கும் பங்கானது. 

இங்கிருந்துதான் அடுத்த குழப்பம் கிளம்புகிறது. ரூஜ் ரிவர், ரூஜ் பார்க் என்ற பெயர் ஒற்றுமையால், முன்னதன் பெயரைத்தான் மாற்றிவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். ரூஜ் பார்க் என்பது பழைய பிக்கரிங்–ஸ்காபரோ கிழக்கு, ஸ்காபரோ–கில்ட்வுட் ஆகியவற்றின் பகுதிகளையும் சேர்த்துக் கட்டிய புதுத் தொகுதி. 2015-இல் அங்கே வென்றவர் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி. ராதிகா போட்டியிட்டது அங்கே அல்ல. ஸ்காபரோ வடக்கில், ஷான் சென்னிடம் தோற்றார். ‘ரூஜ் ரிவரில் ராதிகாவைத் தோற்கடித்து ஹரி வந்தார்’ என்ற வரியில் ஒரு சொல்கூடச் சரியில்லை. இருவரும் நேருக்கு நேர் மோதவே இல்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற 2016 நாடாளுமன்றத் தீர்மானத்தையும் ரூஜ் ரிவரின் கணக்கில் எழுதுகிறார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஹரி ஆனந்தசங்கரி, தொகுதி ரூஜ் பார்க்.

ஸ்காபரோ வடக்கு என்ற பெயரிலும் ஒரு பொறி உண்டு. மத்தியில் அது 2015-இல் புதிது. மாகாணத்தில் 1999-க்கு முன்பே அந்தப் பெயரில் ஒரு தொகுதி இருந்தது. 1985 முதல் அதைப் பிரதிநிதித்துவப்படுத்திய ஆல்வின் கர்லிங், 1999-இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவருக்கு மாறி 2005 வரை இருந்தார். ரேமண்ட் சோ 2018-இல் எதிர்த்திசையில் நடந்தார், ரூஜ் ரிவரிலிருந்து ஸ்காபரோ வடக்குக்கு.

எண்களை ஒப்பிடுவோருக்கு ஒரு சொல். பெயர் ஒன்றாக இருந்தாலும் 1988-இன் நிலமும் 2011-இன் நிலமும் ஒன்றல்ல. இடையில் 1996, 2003 ஆகிய இரண்டு சீரமைப்பு ஆணைகள் வந்தன. 2003 ஆணையின் எல்லைகள் மத்திய தேர்தலில் 2004-இலும் மாகாணத்தில் 2007-இலும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே இரண்டு ஆண்டுகளின் வாக்கு வீதத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஏற்றம் இறக்கம் பேசக் கூடாது. தேர்தல் திணைக்களம் பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குப் பொருத்திக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒப்பிடுவதற்கு அதுதான் உகந்தது. குடிக்கணக்கு அட்டவணையை எடுக்கும்போதும் அது எந்த ஆணையின் எல்லைப்படி தொகுத்தது என்று தலைப்பில் பாருங்கள். தொகுதியின் குறியீட்டு எண்ணை நம்பாதீர்கள், அகரவரிசையில் கொடுப்பதால் சீரமைப்புக்குச் சீரமைப்பு அது மாறும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. 2025 ஏப்ரல் தேர்தலோடு மத்தியில் ஸ்காபரோ–ரூஜ் பார்க்கும் மறைந்துவிட்டது. ஹரி ஆனந்தசங்கரி அந்த முறை வென்ற தொகுதியின் பெயர் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க். மலருக்கான படங்களை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றின் கீழும் ஆள், பதவி, தொகுதி, மாதம், ஆண்டு ஐந்தும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.