மளிகைக் கடையில் பில்லிங், வாட்ஸ்அப் ஆர்டர், டெலிவரி: டெல்டா ஊர்க் கடைகளுக்கான செய்முறை

மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இன்று போட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது. ஷாம்பு, டயப்பர், சத்துமாவு டப்பா இவற்றையெல்லாம் போனிலேயே விலை பார்த்து அமேசானிலும் ஃப்ளிப்கார்ட்டிலும் வாங்கிவிடுகிறார்கள். மாதச் சாமானுக்கு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. எம்ஆர்பி அச்சடித்த கம்பெனி சரக்கில் இவர்களோடு விலைக்கு விலை மோதினால் சின்னக் கடை தாங்காது. உங்கள் பலம் உதிரிச் சரக்கு: அரிசி, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம். இன்னொன்று, எந்த வீட்டில் எப்போது பணம் புழங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் உதவுகிற கருவிக்கு மட்டும் பணம் போடுங்கள்.

சரக்குக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன் இருப்பு எடுக்க வேண்டும். மாதத்தில் 20 தேதிக்கு மேல் கூட்டம் குறையும். அந்த வாரம் தினம் ஒரு ராக் என்று எடுங்கள். ஒருவர் எண்ணிச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். எண்ணிக்கை, எம்ஆர்பி, காலாவதி தேதி மூன்றையும் எழுதாவிட்டால் அந்தக் கணக்குக்குப் பயன் இல்லை. மூன்று மாதமாக அசையாத சரக்கைத் தனியே எடுத்து வையுங்கள். காலாவதியான சரக்கைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சியிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பல கடைகளில் லாபம் போய் முடங்குவது இந்த மூலையில்தான்.

எவ்வளவு ஆர்டர் போடுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு நாள் விற்பனையை, சேல்ஸ்மேன் வந்து அடுத்த சரக்கு இறங்கும் வரையான நாட்களால் பெருக்கி, அதில் பாதியைக் கூட்டுங்கள். தினம் 4 பாக்கெட் போகிறது, சரக்கு 8 நாளில் வருகிறது என்றால் 32, அதோடு 16, ஆக 48. பெரிய ஸ்கீம் (அதிகம் வாங்கினால் தரும் சலுகை) கொடுக்கிறார் என்பதற்காக 200 வாங்கினால், ஸ்கீமில் வந்த லாபத்தைக் காலாவதி தின்றுவிடும்.

பில்லிங்

ஒரு கம்ப்யூட்டர் அல்லது ஆண்ட்ராய்டு பில்லிங் மெஷின், பார்கோடு ஸ்கேனர், தெர்மல் பிரிண்டர், யுபிஎஸ். இவ்வளவு போதும். 58 மி.மீ. பேப்பர் ரோல் சின்ன பில்லுக்குச் சரி. ஜிஎஸ்டி விவரத்தோடு நீண்ட மாதச் சாமான் பில் போடுவதாக இருந்தால் 80 மி.மீ. பிரிண்டர் வாங்குங்கள். ஸ்கேனர் 2டி வகையாக இருக்கட்டும். கசங்கிய கவரையும் போன் திரையையும் படிக்கும். தெர்மல் பேப்பரில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், ஆகவே கணக்கு மென்பொருளில் இருந்தாக வேண்டும்.

உதிரிச் சரக்குக்கு பார்கோடு கிடையாது. மூன்று இலக்க எண் கொடுங்கள்: துவரம் பருப்பு 101, உளுந்து 102, இட்லி அரிசி 201 என்று. தராசு பக்கத்தில் அந்தப் பட்டியலை ஒட்டி வையுங்கள். லேபிள் அடிக்கும் தராசு முதல் வருடம் தேவையில்லை.

பெரும்பாலான தகராறு எங்கே வருகிறது என்றால், ஒரே பார்கோடில் இரண்டு எம்ஆர்பி இருக்கும்போது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது பழைய விலை பாக்கெட்டும் புதிய விலை பாக்கெட்டும் ஒரே அலமாரியில் நின்றன. கம்பெனி விலையை ஏற்றும்போதும் இதே நிலைதான். மென்பொருள் ஒரு பொருளுக்கு ஒரே விலையைத்தான் வைத்துக்கொள்ளும் என்றால், விலை குறைவாக அச்சடித்த பாக்கெட்டுக்கு அதன்மேல் உள்ளதைவிட அதிகமாக பில் விழும். அது சட்டப்படி குற்றம். வாங்கும்போதே, ஸ்கேன் செய்தவுடன் இரண்டு எம்ஆர்பியையும் காட்டித் தேர்வு செய்யச் சொல்கிறதா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண்) பில்லில் அச்சாக வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

முதல் இரண்டு வாரம் நோட்டையும் பில்லிங்கையும் சேர்த்தே ஓட்டுங்கள். இரவு கல்லாப் பணம், யுபிஐ வரவு, கடன் மூன்றையும் கூட்டினால் அன்றைய பில் தொகை வர வேண்டும். வராவிட்டால் அன்றிரவே தேடுங்கள். மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

பொட்டலம் கட்டி வைப்பது

பருப்பை அரைக் கிலோ கவராக முன்கூட்டியே கட்டி வைத்தால் வேலை வேகமாகும். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுப்பது வேறு, கட்டி வைத்து விற்பது வேறு. கட்டி வைத்தால் பொருளின் பெயர், எடை, கட்டிய மாதம் வருடம், எம்ஆர்பி, உங்கள் முகவரி, புகார் தொலைபேசி எண் எல்லாம் லேபிளில் வேண்டும். 25 கிலோ வரை லேபிளோடு கட்டிய அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. சின்னக் கடைக்கு நிறுத்துக் கொடுப்பதே நல்லது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைக்க மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருப்பும் சர்க்கரையும் ஈரம் குடிக்கும்; மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைக் கடைக்கென்று தனி எண்ணில் போடுங்கள். கேட்டலாக்கில், அதாவது செயலியில் உள்ள படமும் விலையும் போடும் பொருள் பட்டியலில், எல்லாப் பொருளையும் ஏற்ற முயன்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதிகம் போகிற 60 பொருள் போதும், அதிலும் உதிரிச் சரக்கை முதலில் போடுங்கள். பெரியவர்கள் கேட்டலாக் பார்க்கமாட்டார்கள். சீட்டில் எழுதிய பட்டியலைப் படம் எடுத்தோ, குரல் பதிவாகவோ அனுப்புவார்கள். அதைக் கேட்டு எழுத ஒரு ஆளை நியமியுங்கள். மொத்தத் தொகையைத் திருப்பி அனுப்பி, அவர்கள் ‘சரி’ என்ற பிறகே சாமானை எடுங்கள். இந்த ஒரு படியை விட்டால் வீட்டு வாசலில் வாக்குவாதம் வரும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பில் போடும்போதே சேமிக்கச் சொல்லுங்கள். மாதம் 28 தேதி, ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பினால் போதும். தினம் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துக் கடைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு மாதச் சாமான் சொல்லி, அங்கிருந்தே பணம் கட்டலாம். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இங்குள்ள வங்கியில் வைக்கும் கணக்கு) இணைத்த வெளிநாட்டு எண்ணிலிருந்து யுபிஐ செய்ய, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உட்பட 10 நாடுகளுக்கு 2023இல் வழி திறக்கப்பட்டது. சாமான் இறங்கியதும் ஒரு படம் அனுப்பிவிடுங்கள்.

டெலிவரிக் கணக்கு

3 கி.மீ. தூரத்தில் 300 ரூபாய் ஆர்டர். போய் வர 6 கி.மீ.; லிட்டருக்கு 40 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 15 ரூபாய். பையனின் அரை மணி நேரம், 8 மணி நேர நாள் கூலி 500 என்றால், சுமார் 31. செலவு 46, 10 சதவீத லாபம் 30. கையிலிருந்து 16 ரூபாய் போகிறது. அதே பையன் 10 கி.மீ. சுற்றில் ஒரு மணி நேரத்தில் 5 வீட்டுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு 18 ரூபாய்க்குள் அடங்கும்.

ஆகவே நேரம் குறியுங்கள். காலை 10 வரை வந்த ஆர்டர் 11 மணி வண்டியில், மாலை 5 வரை வந்தது 6 மணி வண்டியில். ஊருக்குள் குறைந்தது 500 ரூபாய். சுற்றுக் கிராமங்களுக்கு வாரம் இரண்டு நாள், குறைந்தது 1,500. சொன்ன நேரத்தில் போவதே முக்கியம். பத்து நிமிட டெலிவரியை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

கடனும் யுபிஐயும்

கடனை நிறுத்தச் சொல்வது எளிது; டெல்டாவில் அப்படி நிறுத்தினால் விற்பனையும் நின்றுவிடும். வீட்டுக்கு ஓர் உச்சவரம்பும் ஒரு தேதியும் வையுங்கள். சம்பளக்காரருக்கு 5 தேதி, கூலி வேலைக்காரருக்கு வாரக் கடைசி, விவசாயிக்கு குறுவை அல்லது சம்பா நெல் போட்ட பணம் வங்கியில் ஏறும் வாரம். அறுவடையில் மழை பிடித்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கும், பணமும் தள்ளிப்போகும். அந்தப் பருவத்தில் மொத்தக் கடைக்கு நீங்கள் தர வேண்டிய தவணையையும் முன்கூட்டியே பேசித் தள்ளி வையுங்கள்.

யுபிஐக்கு கடையின் நடப்புக் கணக்கில் வணிகர் க்யூஆர் வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பணம் வந்ததாக சவுண்ட் பாக்ஸ் சொன்ன பிறகே சாமானைக் கொடுங்கள். வேறு யாராவது மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிடாமல் க்யூஆரைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வையுங்கள், தினமும் திறந்ததும் 1 ரூபாய் போட்டுப் பாருங்கள். வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வரி இல்லாத உதிரி அரிசி, பருப்பு விற்பனையும் அந்த 40 லட்சத்தில் சேரும்.

கடைசியாக, இன்டர்நெட் இல்லாமலும் பில் போடும் மென்பொருளையே வாங்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கடலோர ஊர்களில் பல நாள் மின்சாரமும் டவரும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒருமுறை கணக்கை பென்டிரைவில் எடுத்து, விலைப்பட்டியலையும் கடன் பாக்கியையும் காகிதத்தில் அச்சிட்டு கல்லாவில் வையுங்கள். பழைய கைத்தராசையும் முத்திரையோடு தயாராக வைத்திருங்கள்.