கூப்பர்ஸ்டவுன் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் சிற்றூரான கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்) எந்தெந்த ஓய்வுபெற்ற வீரர்கள் இடம்பெற வேண்டும் என்ற விவாதம், மைதானங்கள் மூடிக்கிடக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் உச்சத்தை எட்டுகிறது. இவ்விவாதத்தில் இறங்குவோர் பெரும்பாலும் ஆட்டத்தை அறியாதவர்கள் அல்லர்; புள்ளிவிவரங்களுக்கும் அவர்களிடம் பஞ்சமில்லை. ஓர் எண்ணை அது பிறந்த காலத்திலிருந்தும் மைதானத்திலிருந்தும் விதிமுறையிலிருந்தும் பிரித்தெடுத்துத் தனியே நிறுத்திவிடுவதால்தான் பெரும்பாலான வாதங்கள் சறுக்குகின்றன.

வாக்கு விழுக்காட்டை மதிப்பெண்ணாக எண்ணுதல்

விதிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். குறைந்தது 10 பருவங்கள் ஆடி, ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் கடந்த வீரரின் பெயர், பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் 10 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர்களின் வாக்குச்சீட்டுக்கு வரத் தகுதி பெறுகிறது. ஒரு வாக்காளர் 10 பெயர்களுக்கு மேல் குறிக்க முடியாது. 75 விழுக்காடு பெற்றவர் தேர்வாகிறார். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனவர் சீட்டிலிருந்து நீக்கப்படுகிறார். மற்றவர்கள் 10 ஆண்டுகள் வரை காத்திருக்கலாம். 2014 வரை இந்த வரம்பு 15 ஆண்டுகளாக இருந்தது. இவ்வழியில் தவறியவர்களைப் பிற்பாடு 16 பேர் கொண்ட குழுக்கள் ஆராய்கின்றன. அங்கே 12 வாக்குகள் வேண்டும்.

இந்த அமைப்பை மறந்துவிட்டு, "முதல் ஆண்டில் 10 விழுக்காடுதான் பெற்றார், ஆகவே அவர் அந்தத் தரத்தில் இல்லை" என்று சொல்வது மிகப் பரவலான பிழை. ஸ்காட் ரோலன் 2018இல் 10.2 விழுக்காட்டில் தொடங்கி 2023இல் 76.3 விழுக்காட்டோடு தேர்வானார். டிம் ரெயின்ஸ் 2008இல் 24.3 விழுக்காடு பெற்று, தம் இறுதி வாய்ப்பான 2017இல் 86 விழுக்காட்டை எட்டினார். இடைப்பட்ட ஆண்டுகளில் இவர்கள் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. வாக்காளர்களின் அளவுகோலும், சீட்டில் இருந்த நெரிசலும்தான் மாறின. நெரிசலுக்குப் பலியானவர் என்று சொல்ல வேண்டுமானால் கென்னி லாஃப்டனைச் சொல்லலாம். 622 பேஸ்களைத் திருடியவர் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதே திருட்டு), 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அத்துறையில் முதலிடம் பிடித்தவர், 2013ஆம் ஆண்டுச் சீட்டில் பாரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ், மைக் பியாஸா, கிரெய்க் பிஜியோ, ஜெஃப் பேக்வெல் ஆகியோரோடு போட்டியிட நேர்ந்து, 3.2 விழுக்காட்டோடு ஒரே ஆண்டில் வெளியேறினார். அந்த ஆண்டில் எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த 3.2ஐப் படிக்க வேண்டும்.

பீட் ரோஸ் விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. 4,256 ஹிட்களுடன் (பந்தை அடித்துப் பேஸை அடைந்த வீச்சுகளுடன்) இன்றும் முதலிடத்தில் இருக்கும் அவரை எழுத்தாளர்கள் நிராகரித்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சூதாட்டக் குற்றச்சாட்டில் 1989இல் நிரந்தரத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அவருடைய பெயர், அப்பட்டியலில் உள்ளோர் போட்டியிட முடியாது என ஹால் ஆஃப் ஃபேம் 1991இல் வகுத்த விதியால், வாக்குச்சீட்டில் ஒருமுறைகூட அச்சாகவில்லை. அவர் 2024இல் காலமானார். தடை மரணத்தோடு முடிகிறது என்று 2025 மே மாதம் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் முடிவு செய்த பின்னரே அவருக்கும் அதே பட்டியலில் இருந்த பழைய வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்ஸனுக்கும் கதவு திறந்தது. ரோஸுக்கு ஆதரவாகவோ எதிராகவோ பேசுவோர், எழுத்தாளர்களை இதில் இழுக்காமல் பேசலாம்.

காலத்தையும் மைதானத்தையும் மறத்தல்

3,000 ஹிட், 500 ஹோம் ரன், பந்து வீசும் பிட்சருக்கு 300 வெற்றி என்ற மூன்று எல்லைக்கோடுகள் நெடுங்காலமாகத் தானியங்கிச் சான்றிதழ்களாகக் கருதப்பட்டன. அவற்றைக் கடந்தவர்கள் சிறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. கடக்காதவர்கள் தாழ்ந்தவர்கள் என்று அதைத் திருப்பிப் போடும்போதுதான் வாதம் கெடுகிறது.

"ஹோம் ரன் பேக்கர்" என்றே பெயர் பெற்ற ஃபிராங்க் பேக்கர் தம் வாழ்நாள் முழுவதும் அடித்த ஹோம் ரன்கள் 96. 1911இல் 11 அடித்து லீகில் முதலிடம் பெற்றார். 1913இல் முதலிடத்துக்கு 12 போதுமானதாக இருந்தது. 1920இல் பேப் ரூத் ஒருவரே 54 அடித்தார் என்பதால் பேக்கர் சிறுத்துப்போவதில்லை, ஆட்டமே வேறாகிவிட்டது. 1968ஐ எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறு: பிட்சர்களின் கை மிக ஓங்கிய அந்தப் பருவத்தில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 0.301 என்ற பேட்டிங் சராசரியோடு (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) அமெரிக்கன் லீகின் முதல்வரானார், பிட்சர் பாப் கிப்ஸனின் இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி) 1.12 ஆக இருந்தது. மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். ஆகவே 1968இன் 0.301ஐ, ஹோம் ரன்கள் பெருகிக் கிடந்த 2000ஆம் ஆண்டின் 0.301ஓடு ஒரே தட்டில் வைப்பவர் எதையும் ஒப்பிடவில்லை. லீக் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தையும் கணக்கில் சேர்த்துத் திருத்தப்பட்ட ஓபிஎஸ் பிளஸ் (பேட்டருக்கு), இஆர்ஏ பிளஸ் (பிட்சருக்கு) போன்ற அளவைகள் இதற்காகவே உருவானவை; அவற்றைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மைதானத்தைப் பொறுத்தவரை பிழை இரு திசைகளிலும் நடக்கிறது. கொலராடோவின் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள கூர்ஸ் ஃபீல்டின் மெல்லிய காற்றில் பந்து தொலைவாகப் பறக்கிறது, பிட்சரின் வளைபந்துகள் வளைய மறுக்கின்றன. லாரி வாக்கர் அங்கே 0.381 சராசரியில் அடித்தார். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. "எல்லாம் கூர்ஸ் ஃபீல்டின் புண்ணியம்" என்று அவரை ஒதுக்கியது அதைவிடப் பெரிய தவறு. மிகமதிப்பு வீரர் விருது பெற்ற 1997இல் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூர் மைதானங்களில் வந்தவை. பேஸ் ஓட்டத்திலும் வலப்புற ஃபீல்டிங்கிலும் அவர் காட்டிய திறமைக்கும் டென்வரின் காற்றுக்கும் தொடர்பில்லை. 2011இல் 20.3 விழுக்காட்டில் தொடங்கிய அவர், 2020இல், கடைசி வாய்ப்பில், 76.6 விழுக்காட்டோடு நூலிழையில் தப்பினார். ஒன்பது ஆண்டுகள் அவரைக் காக்க வைத்தது பாதிக் கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் இதில் சேரும். டோனி க்வின் 3,141 ஹிட்களும் 0.338 சராசரியும் கொண்டவர். 2007இல் முதல் வாய்ப்பிலேயே தேர்வானார். ரெயின்ஸிடம் இருந்தவை 2,605 ஹிட்களும் 0.294 சராசரியும். ஆனால் ஆட்டமிழக்காமல் பேஸை அடைவதுதானே பேட்டரின் முதற்பணி? ஹிட், வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), உடலில் பட்ட பந்து ஆகிய மூன்றையும் கூட்டினால் ரெயின்ஸ் 3,977 முறையும் க்வின் 3,955 முறையும் பேஸை அடைந்திருக்கிறார்கள். ஹிட் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த வாக்காளர்களுக்கு ரெயின்ஸ் 1,330 முறை வாக் மூலம் பேஸை அடைந்தது தெரியவில்லை. க்வின் பெரிய வீரர் அல்லர் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. இருவருக்கும் இடையே பத்தாண்டுக் காத்திருப்பு அளவுக்கு வேறுபாடு இல்லை என்பதே செய்தி.

கடைசி நபரை அளவுகோலாக்குதல்

"இன்னார் உள்ளே இருக்கும்போது இவர் ஏன் கூடாது?" என்ற கேள்வி கேட்பதற்கு எளிது, நியாயம் போலவும் ஒலிக்கும். அதனாலேயே இது விவாதத்தை மிகவும் கெடுக்கிறது. 1970களின் தொடக்கத்தில் முன்னாள் வீரர் ஃபிராங்கி ஃபிரிஷ் செல்வாக்கோடு இருந்த மூத்தோர் குழு, ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜார்ஜ் கெல்லி என்று அவருடைய பழைய அணித் தோழர்களை வரிசையாக உள்ளே சேர்த்தது. ஜார்ஜ் கெல்லியைவிடச் சிறந்தவர் என்பதே தகுதியானால், அடுத்த வாரமே அவரைப் போல முதல் பேஸில் ஆடிய பல பத்து வீரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம் பட்டயம் வார்க்க வேண்டியிருக்கும்.

அண்மைய எடுத்துக்காட்டு ஹரோல்ட் பெய்ன்ஸ். 2,866 ஹிட்கள் அடித்த, எல்லோரும் மதித்த பேட்டர் அவர். எழுத்தாளர்களிடம் அவர் ஒருபோதும் 6.1 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2018 டிசம்பரில் 16 பேர் குழு 12 வாக்குகளோடு அவரைத் தேர்ந்தெடுத்தது. அக்குழுவில் அவருடைய முன்னாள் மேலாளர் டோனி லா ரூஸாவும், அவர் ஆடிய சிகாகோ வொயிட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபும் இருந்தார்கள். அன்று முதல் எந்த வீரருக்காக வாதாடினாலும் பெய்ன்ஸின் பெயர் துணைக்கு அழைக்கப்படுகிறது. ஒரு குழுவின் தாராளம் இனி வருவோர் அனைவருக்கும் சட்டமாகிவிடாது. அதே இடத்தில் ஆடி ஏற்கெனவே தேர்வானவர்களின் தரவரிசையில் நடுவில் நிற்கும் வீரர் யார், அவரோடு இவர் எப்படி நிற்கிறார் என்று கேட்பதே பயன்தரும்.

"அதே இடத்தில் ஆடி" என்பது முக்கியம். ஆஸி ஸ்மித் வாழ்நாளில் 28 ஹோம் ரன்களே அடித்தார், அவருடைய சராசரி 0.262, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலான ஷார்ட்ஸ்டாப் இடத்தில், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் குளோவ் விருதை 13 முறை பெற்ற அவரை 2002இல் 91.7 விழுக்காட்டினர் முதல் வாய்ப்பிலேயே ஏற்றுக்கொண்டார்கள். முதல் பேஸில் அதே மட்டையோடு நின்றிருந்தால் அணியிலேயே இடம் கிடைத்திருக்காது.

இங்கே வார் என்னும் கூட்டுக்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். அணிக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மட்டை, ஓட்டம், ஃபீல்டிங், ஆடுமிடம் அனைத்தையும் சேர்த்து மதிப்பிடும் அளவை அது. பயனுள்ளது, ஆனால் அது மதிப்பீடு, அளந்தெடுத்த நீளம் அன்று. புள்ளிவிவர இணையத்தளங்களான பேஸ்பால் ரெஃபரன்ஸும் ஃபேன்கிராஃப்ஸும் ஒரே பிட்சருக்கு வெவ்வேறு எண்களைத் தருகின்றன, ஏனெனில் ஒன்று விட்டுக்கொடுத்த ரன்களிலிருந்தும் மற்றது ஸ்டிரைக்அவுட், வாக், ஹோம் ரன் ஆகியவற்றிலிருந்தும் தொடங்குகிறது. வாழ்நாள் கணக்கில் இரண்டு, மூன்று புள்ளி வேறுபாட்டை வைத்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது வீண்.

ஊக்கமருந்து வழக்கில் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுதல்

762 ஹோம் ரன்களும் 7 மிகமதிப்பு வீரர் விருதுகளும் பெற்ற பாண்ட்ஸ், 354 வெற்றிகளும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் 7உம் பெற்ற கிளெமென்ஸ் ஆகிய இருவரும் 2022இல் தம் கடைசி வாய்ப்பில் முறையே 66.0, 65.2 விழுக்காட்டில் நின்றுவிட்டார்கள். இவர்கள் மீது வலுவான குற்றச்சாட்டுகள் இருந்தன. லீகின் தண்டனைக்கு உள்ளாகவில்லை. ரஃபேல் பால்மெய்ரோ, மேனி ரமிரெஸ், அலெக்ஸ் ரோட்ரிகஸ் மூவரும் தண்டனை விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு தடைசெய்யப்பட்டவர்கள். பியாஸா, பேக்வெல் மீது இருந்தது வெறும் முணுமுணுப்பு. அதற்கே பேக்வெல் ஏழாவது வாய்ப்பு வரை காத்திருந்தார். இந்த மூன்று நிலைகளையும் வேறுபடுத்தாமல் "மருந்துக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் முடிப்பவரோடு விவாதிப்பதில் பயனில்லை. மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு வழங்க ஒருவருக்கு உரிமை உண்டு, ஆனால் ஏன் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

நேர்மை, பண்பு, விளையாட்டு உணர்வு ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அதைச் சிலருக்கு மட்டும் எடுத்துக்காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. கறுப்பின வீரர்களோடு ஆட மறுத்த கேப் ஆன்ஸன் 1939 முதல் உள்ளே இருக்கிறார். மருந்துக் காலம் முழுவதும் லீகை நடத்திய ஆணையர் பட் சீலிக்கும் 2017இல் பட்டயம் கிடைத்தது. பாண்ட்ஸை வெளியே நிறுத்துவோர் சீலிக்கைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

ஆட விடப்படாத ஆண்டுகள்

மேஜர் லீகில் ஆட விடப்படாத கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் வீரர்களைக் கூட்டுத்தொகை கொண்டு அளப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அப்பருவங்கள் குறுகியவை, பல ஆட்டங்கள் கணக்கில் ஏறாத ஊர்சுற்று ஆட்டங்கள். அந்த லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024இல் மேஜர் லீக் கணக்கில் சேர்க்கப்பட்டபோது, ஜாஷ் கிப்ஸன் 0.372 சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டினார்; ஹோம் ரன் கூட்டுத்தொகைப் பட்டியலில் அவரைத் தேடுவது வீண் வேலை. போரில் பறிகொடுத்த ஆண்டுகளும் இப்படித்தான்: டெட் வில்லியம்ஸின் 521 ஹோம் ரன்கள், ஏறத்தாழ ஐந்து பருவங்கள் இராணுவப் பணியில் கழிந்த பிறகு எஞ்சியவை. காயத்தால் போன ஆண்டுகளுக்கும் இதே சலுகையைக் கேட்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் உடல் தாங்குவதும் திறமையின் ஒரு பகுதியே.

இனி வரும் வழக்குகளில் சிக்கலானது தொடக்கப் பிட்சர்களுடையது. ராண்டி ஜான்ஸன் 2009இல் 300 வெற்றிகளை எட்டிய பிறகு எவரும் அங்கே வரவில்லை. பிட்சர்கள் வீசும் இன்னிங்ஸ் குறைந்துகொண்டே போகிறது. வெற்றி என்ற கணக்கே சக வீரர்களின் மட்டையைச் சார்ந்தது என்பதை 2010இல் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியோடு சை யங் விருது பெற்றபோதே வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஹெர்னாண்டஸ் 169 வெற்றிகளோடு 2025இல் முதன்முறை சீட்டுக்கு வந்து 20.6 விழுக்காடு பெற்றார். 165 வெற்றிகளோடு 30 வயதில் ஓய்வுபெற்ற சாண்டி கோஃபாக்ஸ் 1972இல் தேர்வானவர் என்பதைச் சுட்டி ஹெர்னாண்டஸுக்காக வாதாடுகிறார்கள். கோஃபாக்ஸின் இறுதி ஆறு பருவங்களோடு ஹெர்னாண்டஸின் சிறந்த ஆறு பருவங்களை, இருவரின் லீக் சராசரிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவரை, அந்த 165ஐயும் 169ஐயும் அருகருகே எழுதுவதால் ஒன்றும் நிறுவப்படுவதில்லை.