போஸ்டர் அடித்த பிறகு பாடகரைத் தேடாதீர்கள்: ராப் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் மாடியறை ஒன்றுதான் என் ஸ்டூடியோ. ஜன்னலை மறைக்கப் பழைய ஜமுக்காளம். பக்கத்து வீட்டுத் தறி ஓயும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் குரல் பதிவு. நாலு பேர் சேர்ந்த ராப் குழு, ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு), திரும்பத் திரும்ப வரும் ஹூக் என்ற பல்லவியைப் பாட வெளியிலிருந்து ஒருவர் என்று வரும் பாட்டுகளை நிறைய மிக்ஸ் செய்திருக்கிறேன். கோளாறு கிளம்பும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பீட் என்கிற பின்னணி இசை முடிந்து, வெர்ஸ் என்கிற ராப் பகுதி பதிவாகி, போஸ்டரும் அடித்த பிறகுதான் பாடகரையே தேடுகிறார்கள்.

முதல் அடி சுருதியில் விழும். ராப் சொல்கிறவருக்கு பீட் எந்தச் சுருதியில் இருந்தாலும் கவலையில்லை. பாடுகிறவருக்கு அதுதான் எல்லாம். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஆண்களில் பலருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண்களில் பலருக்கு ஐந்து கட்டையை ஒட்டி வசதியாக இருக்கும். ஒரு முறை நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை ஹூக் பாட அழைத்திருந்தார்கள். ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்தவர், இரண்டு டேக் பாடிவிட்டு நின்றார். "அண்ணா, மெட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த மேல் இடம் மட்டும் கத்துற மாதிரி வருது."

அவர் சொன்னது சரி. ஆனால் பசங்க கையில் இருந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரே ஃபைல். அதை ஒன்றரைக் கட்டை இறக்கினால் கிக் டிரம் கொழகொழவென்று ஆகிறது, ஏற்கெனவே பதிந்த ராப் குரல் பூதம் பேசுவதுபோல் கேட்கிறது. மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு அவசரம். கடைசியில் கத்தியே பாடினார், அதுவே வெளியானது. பீட் போடும் முன் அந்த நாலு வரி மெட்டை மட்டும் போனில் அனுப்பி, பக்கவாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லியிருந்தால், தானாக எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தாளமும் அப்படித்தான். ஹெட்போனில் ஓடும் தாளத் தட்டான கிளிக்கைக் கேட்டுப் பாடிப் பழகாதவர்கள் வரியின் கடைசிச் சொல்லை நீட்டுவார்கள். அதை வெட்டி ஒட்டித் தாளக் கட்டத்துக்குள் அடைத்தால் எதற்காக அவரைக் கூப்பிட்டோமோ அதுவே போய்விடும். நீட்டலுக்கு இடம் விட்டு, அங்கே பீட்டில் வாத்தியங்களைக் குறையுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

பாடகர் தன் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புவதாக இருந்தால், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வாங்காதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும். சுருக்காத வேவ் ஃபைலை டாக்குமென்ட்டாகவோ டிரைவ் லிங்க்காகவோ வாங்க வேண்டும். இன்னொன்று, சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்பது. அங்கே 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை, மாற்றாமல் இங்கே 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் இழுத்துப் போட்டால் 3 நிமிஷக் குரல் சுமார் 3 நிமிஷம் 16 விநாடியாக நீளும், சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை இறங்கும். பல மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும். அந்த செட்டிங் அணைந்திருந்தால் பாவம், பாடகர்மேல்தான் பழி. "சுருதியே சேரல" என்று ஒரு பெண்ணைத் திட்டி முடித்த பிறகுதான் நாங்கள் இதைக் கண்டுபிடித்தோம்.

அடுத்தது ஒப்பந்தக் காகிதம். "நம்ம ஆளுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓடாதவரை நம்ம ஆள்தான். ஓடினால்தான் பேச்சு மாறும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது; 2012 திருத்தம் பாடுகிறவர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமையைச் சொல்கிறது. பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டும்படி கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. உரிமையை எழுதி வாங்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். நம் பாட்டோ வெளியான நிமிஷமே உலகம் முழுக்கப் போகிறது. மொத்தமாக ஒரு தொகையா, பங்கா, ஹூக்கில் அவர் தானாகச் சேர்த்த வரிக்கு எழுத்தாளர் பங்கு உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய தொகை என்றால் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஹூக் மலைக் கிராமத்துப் பாட்டு என்றால், உங்கள் குழுவின் சொந்தப் படைப்பு என்று போடாதீர்கள். மரபுப் பாட்டு, எந்த ஊர்க்காரர்கள் பாடுவது என்று எழுதுங்கள்.

பெயர் போடுவதிலும் சண்டை வரும். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் முதல் பெயர் பாடகி தீ, 'ஃபீச்சரிங்' (உடன் பங்கேற்பவர்) என்று வந்தவர் ராப் பாடகர் அறிவு. பாட்டை எழுதியவரும் அறிவுதான். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பார்க்கிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? பிறகு யாருக்கு எவ்வளவு அங்கீகாரம் என்று ஊரே விவாதித்தது. அதனால் எழுத்து, இசை, குரல் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். வெளியிலிருந்து வந்து பாடியவரின் பெயரைப் பாட்டின் தலைப்பில் திணிக்காமல், பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் அதற்கான கட்டத்திலேயே போடுங்கள். அந்தத் தளத்தில் அவருடைய பக்கத்தின் லிங்க்கையும் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் உங்கள் பாட்டு போய் உட்கார்ந்துவிடும்.

தேதி பற்றிச் சுருக்கமாக: ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க, வெளியாகும் முன்பே பாட்டு அங்கே ஏறியிருக்க வேண்டும்; குறைந்தது 7 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மூன்று நாலு வாரம் கையில் இருந்தால் நிம்மதி.

அப்புறம் மேடை. கல்லூரி விழாவோ ஏற்காடு கோடை விழாவோ, ஒரு வாய்ப்பு வரும். அன்றைக்குப் பாடகரால் வர முடியாது. குழு முழுப் பாட்டையும் ஓடவிட்டு அதன்மேலேயே ராப் சொல்லும், ராப் குரல்கள் இரண்டு இரண்டாகக் கேட்கும். மிக்ஸ் முடிகிற அன்றைக்கே இரண்டு பிரதி கூடுதலாகக் கேளுங்கள். ராப் குரல் மட்டும் இல்லாமல் ஒன்று, எந்தக் குரலும் இல்லாமல் ஒன்று. அரை மணி நேர வேலைதான். ஆறு மாசம் கழித்து, மேடை ஏறுவதற்கு முந்தின நாள் ராத்திரி போன் செய்து கேட்டால், எந்த ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன் என்று எனக்கே தெரியாது.