ஆயில் எப்போது மாற்றுவது, மைலேஜை எப்படிக் கணக்கிடுவது: புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆயில் மாற்றினால் மைலேஜ் கூடுமா? கூடும், ஆனால் பலரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்டதைவிடக் கெட்டியான ஆயில் உள்ளே இருந்து, அதை எடுத்துவிட்டுச் சரியான கிரேடை, அதாவது கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மை உள்ள ஆயிலை, ஊற்றினால் 1 முதல் 2 சதவீதம் எரிபொருள் மிச்சமாகும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அதிகபட்சம் சுமார் 300 மீட்டர், அவ்வளவுதான். "சர்வீஸ் முடிந்ததும் 2 கிலோமீட்டர் கூடிவிட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சர்வீஸில் டயர் காற்றைச் சரிபார்த்திருப்பார்கள், பிரேக்கைச் சுத்தம் செய்திருப்பார்கள். ஆயிலுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

ஆயில் மாற்றுவது முக்கியமாக எஞ்சினின் ஆயுளுக்காக. அப்படியிருந்தும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த ஓட்டம் எரிபொருளை அதிகம் குடிக்கிறதோ, பெரும்பாலும் அதே ஓட்டம்தான் ஆயிலையும் சீக்கிரம் கெடுக்கிறது. ஒன்றைக் கவனிக்கப் பழகினால் இன்னொன்றும் கைக்கு வந்துவிடும்.

படி 1: முதலில் மைலேஜை அளந்துகொள்ளுங்கள்

டேஷ்போர்டில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது எஞ்சின் கணினியின் மதிப்பீடு. உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் வண்டிகள் நிறைய உண்டு. கையால் கணக்கிடுவது எளிது.

டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் திரவம் போய் அதுவும் கெடும். டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும், முடிந்தால் அதே பம்பில், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 520 கிலோமீட்டர் ஓடி 32.5 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 16. உங்கள் கையேட்டில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று இருந்தால், 100ஐ 16ஆல் வகுங்கள்: 6.25.

ஏன் முக்கால் டேங்க்? பம்ப் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். 10 லிட்டர் மட்டும் நிரப்பினால் அந்த ஒரு லிட்டர் 10 சதவீதப் பிழை. 35 லிட்டரில் அது 3 சதவீதத்துக்கும் குறைவு. குறைந்தது மூன்று டேங்குகளின் சராசரியை எடுங்கள். ஒரு டேங்கை வைத்து "ஆயில் மாற்றினேன், மைலேஜ் கூடியது" என்று சொல்லவே முடியாது என்பதும் இதில் புரிந்துவிடும். ஆயில் தரும் 2 சதவீதம் இந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.

படி 2: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

5,000 கிலோமீட்டர் என்பது பலர் வாயிலும் இருக்கும் எண். மினரல் ஆயிலும் கார்புரேட்டரும் இருந்த காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. இன்று சிந்தெடிக் ஆயில் ஊற்றும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 முதல் 15,000 கிலோமீட்டர், அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைவிட அதை நம்புங்கள்.

அந்தப் பக்கத்தோடு நின்றுவிடாமல் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். "கடினமான சூழலில் ஓட்டுபவர்களுக்கு" என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். அதில் இடைவெளி பாதியாகக்கூடக் குறைந்திருக்கும். பலர் இதைப் படிப்பதே இல்லை, 'நான் என்ன பாலைவனத்திலா ஓட்டுகிறேன்' என்று தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை இவை: சில கிலோமீட்டர் மட்டுமே போகும் குட்டிப் பயணங்கள், நெரிசலில் நின்று நின்று ஓட்டுவது, வண்டி நிற்க எஞ்சினை மட்டும் நெடுநேரம் ஓடவிடுவது (ஐட்லிங்), புழுதி, கடும் வெயில் அல்லது கடும் குளிர், பாரம் இழுப்பது. நகரத்தில் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடுவார்கள்.

குட்டிப் பயணம் எப்படி ஆயிலைக் கெடுக்கும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. ஏறக்குறைய எல்லாமே நீராவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும்; அதில் எரியாததும் அதே வழியில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் எஞ்சினை அணைத்தால் ஆயிலிலேயே தங்கிவிடும். வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். அது காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரமாகும்.

அதனால்தான் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும், அதுவும் தெருமுனை வரை போய்வரும் காரின் ஆயில், நெடுஞ்சாலையில் 12,000 ஓடிய காரின் ஆயிலைவிட மோசமாக இருக்கலாம். "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்" என்பது தவறான கணக்கு. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள்.

நெரிசலுக்கு வேறொரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சராசரி வேகம் 50 என்றால் 10,000 கிலோமீட்டர் ஓட எஞ்சின் 200 மணி நேரம் சுழலும். சராசரி 20 என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆயிலுக்குத் தெரியும். பல கார்களின் டிரிப் திரையில் சராசரி வேகம் இருக்கும், போய்ப் பாருங்கள். அது 25க்குக் கீழே இருந்தால் கடின அட்டவணையைப் பின்பற்றுங்கள் என்பது என் யோசனை. இது என் சொந்தக் கோடுதான், கையேட்டில் இருக்காது.

படி 3: டிப்ஸ்டிக்கைப் பார்க்கப் பழகுங்கள்

ஆயில் மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடலாம். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவைக் காட்டும் கம்பியை, பார்ப்பதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மேலே போன ஆயில் கீழே வடிய ஐந்து, பத்து நிமிடம் கொடுங்கள். போனட்டைத் திறந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் தெரியும். அதை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, அடிவரை திரும்பச் செருகி, மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவும்போது குழாயின் பக்கங்களில் உள்ள ஆயில் தீற்றியிருக்கும், அந்த அளவை நம்பக் கூடாது. இரண்டாவது தடவை நுனியைக் கீழே சாய்த்தபடி இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகத் தெரிந்தால் தாழ்ந்த பக்கம்தான் உண்மையான அளவு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் சரி. பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய வண்டிகளும் உண்டு. அவற்றில் திரையின் மெனுவில் பார்க்க வேண்டும்.

நிறத்தை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். ஆயில் கறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கரியைப் பிடித்துத் தன்னில் மிதக்கவைப்பதும் அதன் பொறுப்புதான். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே மையாகிவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் கூலன்ட் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக அப்படி இருந்தால் குட்டிப் பயண ஈரமாகவும் இருக்கலாம். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ எரிபொருள் கலந்திருக்கலாம். விரலில் தேய்க்கும்போது உலோகத் துகள் மினுங்கினால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது 'சர்வீஸ் நெருங்குகிறது' என்ற நினைவூட்டல் இல்லை. அழுத்தமே போய்விட்டது என்று பொருள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அடுத்த திருப்பம் வரை போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

படி 4: டப்பாவில் உள்ள எழுத்துகள்

5டபிள்யூ-30 என்று இருந்தால், முன்னால் உள்ள 5டபிள்யூ குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறையக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே வேகமாகப் போய்ச் சேரும். பின்னால் உள்ள 30, எஞ்சின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், எவ்வளவு கெட்டி என்பதற்கு. கெட்டியான ஆயில் நல்ல பாதுகாப்பு என்று 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எஞ்சினின் பாகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்காகவே செய்யப்பட்டவை. கெட்டி ஆயிலைத் தள்ளவே பம்ப் திணறும், மைலேஜும் போகும்.

கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது, தர முத்திரையும் பொருந்த வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) தர வரிசையில் பெட்ரோலுக்கு எஸ்.என். 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல் வந்தது. கையேடு எஸ்.என். கேட்டால் எஸ்.பி. ஊற்றலாம், தலைகீழாகக் கூடாது. புகைவடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், அதைக் கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

படி 5: மாற்றும் வேலை

நீங்களே செய்வதாக இருந்தால்: எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்குங்கள், கொதிக்கும் சூடு வேண்டாம், கை வெந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் அகலமான பாத்திரம் வைத்து ஆயில் வடியும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சொட்டு நிற்கும்வரை விடுங்கள். போல்ட்டின் வாஷர் புதிதாகப் போடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய ஆயில் பேனின் மரை போய்விடும், கையேட்டில் சொன்ன முறுக்கு அளவே (டார்க்) போதும்.

அப்புறம் ஃபில்டர். பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். சிலசமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் சேர்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று பெரும்பாலும் போதும்.

கையேட்டில் சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, காத்திருந்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்: எஞ்சினுக்குள் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தடுக்கும் சக்தி கிடையாது. தேதி, ஓடோமீட்டர், கிரேடு மூன்றையும் எழுதிவையுங்கள், சர்வீஸ் நினைவூட்டலையும் ரீசெட் செய்யுங்கள். பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், கேனில் அடைத்துக் கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

படி 6: மைலேஜ் உண்மையில் எங்கே போகிறது

அதிகம் குடிப்பது வலது கால்தான். திடீரென்று மிதித்து, திடீரென்று பிரேக் போடும் ஓட்டம் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை தின்றுவிடும். நெடுஞ்சாலையில் வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80க்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் வித்தியாசம் தெரியும். டயரில் காற்று குறைவது தனியாகப் பார்த்தால் சில சதவீதம்தான், ஆனால் டயரும் சேர்ந்து தேய்கிறதே. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கூரைமேல் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்.

மைலேஜ் திடீரென்று விழுந்தால் ஆயிலைச் சந்தேகிக்காதீர்கள். டயர், ஒட்டிக்கொண்டு உரசும் பிரேக், செக் எஞ்சின் விளக்கு, ஆக்ஸிஜன் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். கடைசியாகத் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருக்கும் வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எத்தனை தூரம் ஓடினாலும் வெப்பமுள் நடுவுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், ஆயிலில் இறங்கிய ஈரமும் பெட்ரோலும் ஆவியாகவே ஆகாது. சின்னப் பாகம்தான். மாற்றியதும், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் அந்த ஆயிலையும் கூடவே மாற்றிவிடுங்கள்.