நாய் எலும்பை விழுங்கிவிட்டதா? முதல் மூன்று நாள் கவனிக்கும் முறை

போன மாதம் பக்கத்து வளவில் ஒரு விசேஷம். ஆட்டிறைச்சிக் கறியின் மிச்ச எலும்புகளை வேலிக்கரையில் கொட்டியிருந்தார்கள். எங்கள் ரைகர் பெருவிரல் அளவுத் துண்டொன்றை மெல்லாமல் விழுங்கியதை நானே கண்டேன். எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. அந்த இரவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வழியில்லை. நம்பரைத் தேடி எடுத்துப் போனில் மட்டும் பேச முடிந்தது. அன்றும் அடுத்த நாட்களிலும் நான் கற்றுக்கொண்டதை, தூரக் கிராமங்களில் நாய் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. வாயைப் பாருங்கள். ஒருவர் நாயைப் பிடிக்க, மற்றவர் ரோர்ச் லைற் அடித்துப் பார்க்க வேண்டும். எலும்பு கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு இலகுவாக வந்தால் எடுக்கலாம். தெரியாவிட்டால் தொண்டைக்குள் விரலை விடவே வேண்டாம். மூச்சுக்குத் திணறினால், நாக்கு நீலம் பாய்ந்தால் மற்றதெல்லாம் பிறகு, உடனே வாகனம் பிடியுங்கள்.

2. எதையும் தள்ளி இறக்க வேண்டாம். எங்களுக்கு மீன் முள்ளுக் குத்தினால் சோற்று உருண்டை விழுங்குவோம். என் சின்னம்மா அன்று உருண்டை பிடித்துக்கொண்டே வந்துவிட்டா. எலும்பு உணவுக்குழாயில் இறுகியிருந்தால் அந்த உருண்டை அதை இன்னும் இறுக்கும். உப்புத் தண்ணி பருக்கிச் சத்தி (வாந்தி) எடுக்க வைப்பதும் கூடாது. சமைத்த எலும்பு ஈட்டி முனைபோல உடையும், திரும்பி வரும் வழியெல்லாம் கிழிக்கும். உப்பு கூடினாலே நாய்க்கு நஞ்சு. எண்ணெயைப் பலவந்தமாக ஊற்றினால் சுவாசப்பைக்குள் போய்விடும். பனடோலும் கொடுக்காதீர்கள்.

3. சத்தியா, கக்கலா என்று பாருங்கள். நான் தடுமாறிய இடம் இதுதான். போனில் டொக்ரர் கேட்ட முதல் கேள்வி, "சத்தி எடுக்குதோ, இல்லாட்டி சாப்பாடு அப்படியே வெளியில வருதோ?" இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து, "சத்திதான்" என்றேன். இரண்டும் ஒன்றில்லை.

சத்தி எடுக்கும்போது வயிறு எக்கி எக்கி உள்ளே இழுக்கும், அரைகுறையாகச் செரித்ததும் மஞ்சள் தண்ணியும் வரும். கக்கும்போது வயிறு அசையாது. தலையைக் குனிந்தவுடன், தின்றது தின்றபடியே வழுக்கி விழும். கூடவே வீணீர் ஒழுகும், அடிக்கடி விழுங்கப் பார்க்கும், கழுத்தை நீட்டி நிற்கும். கக்கல் என்றால் எலும்பு பெரும்பாலும் உணவுக்குழாயில்தான் நிற்கிறது. நேரம் போகப் போக அந்தச் சுவர் புண்ணாகி ஓட்டை விழலாம், விடியும்வரை காத்திருக்க முடியாது. வாயால் விளக்கம் சொல்வதைவிட, போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள். நான் அனுப்பியதைப் பார்த்துத்தான் டொக்ரர், "இது சத்தி, காலையில் கொண்டுவாங்கோ" என்றார்.

4. எக்ஸ்ரே. எலும்பு அதில் தெளிவாகத் தெரியும். வன்னியில் எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது, எங்கே எடுக்கலாம் என்று புறப்படுமுன் போனில் கேளுங்கள். ரைகரின் எலும்பு இரைப்பையில் இருந்தது. அங்குள்ள அமிலம் எலும்பைச் சில நாளில் கரைக்கும் என்பதால், வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

5. சாப்பாடு. குழையக் காய்ச்சிய சோறு, அவித்த பூசணிக்காய், எலும்பும் தோலும் நீக்கிய அவித்த கோழி. உப்பு, தூள் எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) நாய்க்கு நஞ்சு, ஆகவே கறிக் குழம்பு ஒரு சொட்டும் சேரக்கூடாது. ஒரே தடவையில் நிறைய வைக்காமல் நாலு நேரமாகப் பிரித்து வையுங்கள். தண்ணி எப்போதும் நிழலில் இருக்கட்டும், எங்கள் வெயிலில் அது சீக்கிரம் சூடாகிவிடும்.

6. மலத்தைப் பாருங்கள். அருவருப்புப் பார்க்காமல் தடியால் உடைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளையாக, காய்ந்து வந்தால் அது எலும்புத் தூள். ரைகருக்கு மூன்றாம் நாள் அப்படித்தான் வந்தது, கூடவே இரண்டு சிறு துண்டும். முக்கியும் ஒன்றும் வராவிட்டால், இரத்தம் கண்டால், வயிறு உப்பிக் கல்லுப்போல இருந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். காய்ச்சல் பார்க்க டிஜிற்றல் தேர்மோமீற்றரையே வாங்குங்கள், நாய் துள்ளினால் கண்ணாடி உடையும். நுனியில் வாஸ்லின் பூசிக் குதத்தில் வையுங்கள். நாய்க்கு 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம். எங்கள் உடம்புச் சூட்டோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

பிற்சேர்க்கை: முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒருவர், தன் நாய் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டது, வாயில் தூண்டில் நரம்பு (நூல்) தொங்குகிறது, இதே முறை சரியா என்று கேட்டிருந்தார். சரியில்லை. நரம்பை இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம். அதன் நுனியைக் கழுத்துப் பட்டியில் தளர்வாகக் கட்டி, நாய் கடித்து விழுங்காமல் பார்த்துக்கொண்டு உடனே கொண்டுபோங்கள். முள்ளு எங்கே நிற்கிறது என்று டொக்ரர் கண்டுபிடிக்க அந்த நரம்பு உதவும்.