ஊர்த் திருவிழாவில் குறும்படம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பொங்கல் விழாவிலோ கோயில் கொடையிலோ ஒரு மாலையைக் குறும்படங்களுக்கு ஒதுக்குவது நல்ல காரியம். ஆனால், சமுதாயக் கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கும் பல திரையிடல்களில் படம் பளிச்சென்று தெரியும், வசனம் மட்டும் ஒன்றும் புரியாது. வாடகைப் பணத்தையும் கவனத்தையும் புரொஜெக்டருக்கே கொடுத்துவிட்டு, ஒலியை மைக் செட்காரர் பாடு என்று விட்டுவிடுவதால் வரும் வினை இது.

குழாய் ஸ்பீக்கர் பாட்டையும் அறிவிப்பையும் தெருக்கோடி வரை கொண்டுபோகும். மெல்லிய பேச்சை அது கரகரக்க வைத்துவிடும். திரைக்கு இருபுறமும் பாக்ஸ் ஸ்பீக்கர் வையுங்கள். மேடைப் பேச்சுக்காக மிக்சரில் திருகி வைத்திருக்கும் ‘எக்கோ’வைப் படம் தொடங்குமுன் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாருக்கும் இது நினைவிருப்பதில்லை. டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் உள்ள கூடமென்றால் சத்தம் தானே எதிரொலிக்கும். கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், சன்னல்களுக்குக் கனத்த துணி கட்டுங்கள்.

இன்னொரு சிக்கல் படத்தின் கோப்பிலேயே இருக்கும். 5.1 ஒலியுள்ள படத்தில், அதாவது ஒலி ஆறு தனித்தனிச் சேனல்களாகப் பிரிந்திருக்கும் படத்தில், வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். இடம், வலம் இரண்டு மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் இசை முழங்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். எல்லா ஒலியும் இடம், வலம் இரண்டிலேயே அடங்கிய ஸ்டீரியோ பிரதியை இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு படத்தின் ஒலியளவும் வேறுபடும் என்பதால், முன்னதாக அதே லேப்டாப்பில், அதே ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்து அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் FAT32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. கடைசி நேரத்தில் இது தெரியவந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

யூடியூபில் கிடைக்கிறதே என்று நேரே அங்கிருந்து ஓட்டாதீர்கள். நெட் நிற்கும், நடுவில் விளம்பரம் வரும். அதைவிட முக்கியம், இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதி. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதற்காக ஊர் கூட்டிப் போட உரிமை வந்துவிடாது. பொதுத் திரையிடலுக்கு 1952 ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றும் வேண்டும். விழாக்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதை முன்கூட்டியே செய்யுங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜனவரியில் திறந்தவெளியில் நன்றாக இருட்ட 6.45 ஆகிவிடும். ஒலிமாசு விதிகள், 2000 இன்படி, சிறப்பு அனுமதி இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இருப்பதே மூன்றேகால் மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தை வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் கொடுத்தால், குழந்தைகள் தூங்கியபின் படம் தொடங்கும். மரியாதையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடியட்டும். வரிசையாகப் பதினைந்து படம் போடாமல் ஐந்தாறு தேர்ந்தெடுங்கள். குடும்பத்தோடு வருவார்கள், ஆகவே ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்துவிட்டே சேருங்கள்.

கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே விளக்கைப் போட்டு அடுத்த படத்துக்குத் தாவுவது எனக்குப் பொறுக்காத ஒன்று. சம்பளமில்லாமல் லைட் பிடித்தவரின் பெயர் அங்கேதான் வருகிறது. அதை முழுதும் ஓடவிடுங்கள். பிறகு மைக்கை விருந்தினரிடம் நீட்டாமல், முதலில் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களிடம் கொடுங்கள்.